அர்பாபின் துப்பாக்கியும் என் கையெழுத்தும்

எனக்கு அரபி வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பிறந்த முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். ஐந்து வயதில் ஓதப் போட்டுவிடுவார்கள். பத்து வயதுக்குள் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்து, வீட்டில் மிட்டாய் கொடுத்தாகிவிடும். நீட்ட வேண்டிய எழுத்தை நீட்டாவிட்டால் முட்டியில் பிரம்படி விழும். நீட்டி ஓதிய சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஓதினால் நன்மை உண்டு என்று நம்புகிறவன்தான் நானும். ஆனால் அந்த ஓதலை வைத்துக்கொண்டு துபாயில் ஒரு ஆபீஸில் கெட்டிக்காரன் வேஷம் போட்டேனே, அது வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

ஆபீஸ் தேராவில் இருந்தது. தண்ணீர் பம்பு இறக்குமதி செய்யும் கம்பெனி. முதலாளி அந்த ஊர்க்காரர். அர்பாப் என்று கூப்பிடுவோம். என் விசா அவர் கொடுத்தது, என் பாஸ்போர்ட் அவர் இரும்புப் பெட்டியில் இருந்தது. நான் இங்கிலீஷ் கடிதம் டைப் அடிக்கிறவன். ஒருநாள் அரபிக் காகிதம் பார்க்கிற ஆள் லீவில் இருந்தபோது ஏதோ ஒரு கடிதம் வந்தது. மேலே இருந்த முதல் இரண்டு வரிகளை வாய்விட்டு வாசித்தேன். எல்லாக் கடிதத்திலும் வரும் பிஸ்மில்லாவும் ஸலாமும் மரியாதைச் சொற்களும்தான் அவை. அர்பாப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தும்கோ அரபி மாலூம்?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது.

ஓதுகிற அரபியில் எழுத்துக்கு மேலும் கீழும் குறி இருக்கும். ஆபீஸ் காகிதத்தில் அது கிடையாது. அதனால் பாதி நாள் எனக்கு வாசிக்கவே வராது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஆபீஸுக்கு எதிரே டைப்பிங் கடை நடத்திய சூடான்காரரிடம் காகிதத்தைக் கொண்டுபோனால், ஒரு டீக்கு அதில் உள்ளதை ஹிந்தியில் சொல்லிவிடுவார். நான் திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நானே படித்ததுபோல் அர்பாபிடம் சொல்வேன். மூன்று வருஷம் ஓடியது. லீவில் போன ஆளை அர்பாப் வேறு கிளைக்கு மாற்றிவிட்டு, அரசு ஆபீஸ் வேலைகளையும் என்னிடமே தந்தார். ரூமில் கூட இருந்த ஐந்து பேருக்கு நான் பெரிய ஆள். ஊரில் மாமனார் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன்.

மாமனார் வீடு என்றால் எங்கள் ஊரில் என் வீடுதான். கல்யாணம் ஆனால் பெண் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை கட்டி, கட்டில் போட்டு, நீல வண்ணம் அடித்துத் தந்தார்கள். அந்த அறையில் நான் இருந்தது ஐம்பத்திரண்டு நாள். அப்புறம் துபாய். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்பது பேச்சு. முதல் லீவு வந்தபோது கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது என்று அர்பாப் தள்ளிப்போட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. என் மனைவி கடிதத்தில், "வேலதானே மச்சான், பாத்துக்கிட்டு வாங்க" என்று எழுதியிருந்தாள். அவள் நல்லவள். இதை எழுதும்போதும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டாவது முறை லீவைத் தடுத்தது துப்பாக்கி.

அர்பாபுக்குப் பழைய ஆயுதங்கள் சேர்க்கிற பைத்தியம். வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸின் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். வெள்ளிப் பிடி போட்ட வளைந்த கத்திகள், வாள்கள், வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிகள். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல். ஃபைல் என் பொறுப்பு. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தானாக வெடித்துக்கொண்டே இருக்கிற ரைஃபிள். அது தனியார் கைக்கு லேசில் கிடைக்காது. ஷார்ஜாவில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் இருந்தார். முப்பது வருஷம் வளைகுடாவில் இருந்தவர். எந்தக் காலத்திலோ முறையாகப் பதிந்து வாங்கியது ஒன்று அவரிடம் இருந்தது. ஊருக்கே திரும்பிப் போகிறார், கூடக் கொண்டுபோக முடியாது. சேகரிப்பாளர் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று அதன் பதிவுக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. அர்பாபுக்குத் தூக்கம் போய்விட்டது.

"துப்பாக்கி எங்கயும் கிடைக்கும். இந்தக் காகிதம் கிடைக்காது. சம்ஜா, புரிஞ்சுதா?" என்றார் என்னிடம்.

காகிதம் என்றாலே நான்தானே. ஆறு மாதம் அலைந்தேன். எஞ்சினியர் வீட்டுக்கு நாலு முறை போனோம். அவர் அதை ஒரு பச்சைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்திருந்தார். மரக்கட்டை தேய்ந்து பழுப்பாகி, கைபட்ட இடம் மட்டும் மினுமினுத்தது. பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். ஒரு பக்கம் தள்ளினால் வெடிக்காது, நடுவில் ஒவ்வொன்றாக, மறுபக்கம் தொடர்ச்சியாக. அர்பாப் அதைக் கையில் வாங்கி, குண்டில்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்து, வாயாலேயே தடதடவென்று சத்தம் போட்டுப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பிரியமும் வந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்து அதன் உடம்பில் வெட்டியிருந்த எண்ணைக் காகிதத்தோடு சரிபார்த்தேன். ஒரு எண் மங்கலாக இருந்தது. மூன்றா எட்டா என்று தீராததால் அந்த ஒரு எண்ணுக்காக ஐந்து வாரம் போனது. அதன் பிறகு பழைய லைசென்ஸை ரத்து செய்ய ஒரு கடிதம், புதியதற்கு ஒரு கடிதம், பெட்டி வைக்கும் இடத்தைப் பார்க்க ஒரு ஆள். லீவு எப்போது என்று கேட்டால், "பந்தூக் வந்ததும் போ, கலாஸ்" என்பார் அர்பாப். துப்பாக்கி வந்தால் போகலாம், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் மாமாவிடமிருந்து, அதாவது என் மாமனாரிடமிருந்து, கடிதம் வந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் பஹ்ரைனில் இன்னொரு கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்று, நாலு வருஷம் ஊருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறார். அது வெளியே வந்ததிலிருந்து பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் பயம். மூன்று வருஷத்துக்கு மேல் வராத மாப்பிள்ளைகளைப் பள்ளிவாசல் ஜமாஅத் நேரில் வரச் சொல்கிறது. என் பெயரும் அதில் இருந்தது. நபி பிறந்த மவ்லிது மாதப் பிறை தெரிவதற்கு முன் வந்து ஜமாஅத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், வராவிட்டால் பெண்ணை விடுவிக்க வேண்டும் என்று மாமா எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அடியில் என் மனைவி ஒரு வரி சேர்த்திருந்தாள்: "வந்துருவீங்கன்னு சொல்லிட்டேன்."

கடிதத்தை அர்பாபிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே டிக்கெட்டுக்குச் சொல்லி, இரும்புப் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தந்தார். பிறைக்கு எட்டு நாள் முந்தைய விமானம். நானும் கடிதம் போட்டேன், போனிலும் சொன்னேன்.

டிக்கெட் கைக்கு வந்தாகிவிட்டது, விமானத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் ஆயுத லைசென்ஸ் ஆபீஸிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைப்பு. அர்பாப் மறுநாளே குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறவர். கோடையில் ஒரு மாதம் அங்கே இருப்பார். காலையில் என்னோடு வந்து தன் கையெழுத்துகளைப் போட்டார். இன்னொரு காகிதம் பாக்கி இருந்தது. சொந்தக்காரரோடு சேர்த்து ஆயுதத்துக்குப் பொறுப்பாக இன்னொருவர் பெயரும் தர வேண்டும் என்றார்கள். அர்பாபுக்கு அவசரம். "உன் பேரையே போடு. நல்லா வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து போடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வாசித்துப் பார் என்றார். அவர்மேல் நான் எந்தப் பழியும் போட முடியாது.

மேஜைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. ஒரு பக்கம் முழுக்க நெருக்கமான அரபி. நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், டாக்ஸி பிடித்து, சூடான்காரரிடம் காட்டிவிட்டு வரப் பார்த்தேன். காகிதம் வெளியே போகக் கூடாது என்றார் அதிகாரி. இங்கேயே படி என்றார். ஹிந்தி தெரிந்த யாரையாவது கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். மாஃபி முஷ்கில், ஒரு சிரமமும் இல்லை என்று சொல்லிவிட்டு, நான் ராகம் போட்டு முதல் இரண்டு வரிகளை வாசித்தேன். மாஷா அல்லாஹ் என்று அதிகாரி முகம் மலர்ந்தார். எந்த ஊர், இவ்வளவு சுத்தமாக எங்கே படித்தாய் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதியை உதட்டை அசைத்துக்கொண்டே பார்வையால் ஓட்டினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான பொறுப்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கையெழுத்துப் போட்டு, கட்டைவிரலும் வைத்து, ஒரு நகல் வாங்கிப் பையில் போட்டேன். துப்பாக்கியைக் கம்பெனி வண்டியில் கொண்டுபோனபோது அர்பாப் வாசலிலேயே நின்றார். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். என் தோளில் தட்டி, நல்லபடியாக ஊருக்குப் போய் வா என்றார்.

விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டாகிவிட்டது. அவளுக்கு எடுத்த சேலைகள், மாமாவுக்கு ஒரு டார்ச், மாமிக்கு வலி தைலம், ஜமாஅத்துக்காரர்களுக்கு அத்தர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த பலூச்சிப் போலீஸ்காரர் ஒருவர்தான் உருதுவில் எனக்கு விளக்கினார்.

"பாய், தும்ஹாரே நாம் பே ஏக் பந்தூக் ஹை."

என் பெயரில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. தானியங்கி வகை. சொந்தக்காரர் நாட்டில் இல்லாதபோது நான்தான் அதன் காவலாளி. அவர் திரும்பும்வரை, அல்லது வேறொருவர் பெயருக்கு மாறும்வரை, நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகல் பையில் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நாலாவது வரியில் விரலை வைத்து, இதோ என்று காட்டினார். அந்த வரியை நான் உதட்டால் கடந்து போயிருக்கிறேன்.

"நீங்க படிக்கலியா?" என்று அவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை, உன் கஃபீல், அதாவது விசா கொடுத்தவர், நேரில் வந்து ஒரு கையெழுத்து போட்டால் கால்மணி நேர வேலை என்று ஆறுதலும் சொன்னார். கஃபீல் பனிமலை பார்க்கப் போயிருந்தார். என் பெட்டிகளை இறக்கித் திருப்பித் தந்தார்கள்.

ஆபீஸ் மேனேஜர் மூன்று நாள் முயன்று அர்பாபை ஹோட்டலில் பிடித்தார். எனக்கு ரிசீவரைக் கொடுத்தார். "நீ வாசிக்கவில்லையா?" என்றார் அர்பாபும். எனக்கு அரபி தெரியாது என்று அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே தாங்க முடியாமல் சிரித்தார். அவருக்காக வேறு யாரும் கையெழுத்துப் போடச் சட்டம் இல்லை. ஒரு துப்பாக்கிக்காக, ஒரு டைப்பிஸ்டுக்காக, மனைவி மக்களை விட்டுவிட்டு அவர் விமானம் ஏறி வருவார் என்று எதிர்பார்க்க நானும் முட்டாள் இல்லை. ஆனாலும் எதிர்பார்த்தேன். மூன்று வாரம்தானே, ஸபர் செய் என்றார். பொறுமையாக இருக்கச் சொல்கிற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் தெரியும்.

மாமாவுக்குப் போன் போட்டேன். டெலிபோன் பூத்துக்குள் அனல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம், எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"துப்பாக்கியா?" என்றார் மாமா. "நீங்க பம்பு கம்பெனிலதானே மாப்ளே வேல பாக்குறீங்க?"

"அர்பாபோட துப்பாக்கி மாமா. அவர் சேத்து வைப்பார். என் பேர்ல காவல் எழுதியிருக்கு."

"அவர் துப்பாக்கிக்கு நீங்க ஏன் காவல்?"

"தெரியாமக் கையெழுத்து போட்டுட்டேன்."

"ஒங்களுக்குத்தான் அரபி நல்லா வருமே, மாப்ளே."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இதை மாமாவுக்கு விளங்கவைக்க முடியாது. அவர் என்னைத் திட்டவே இல்லை. "ஜமாஅத்துல போயி நான் என்னன்னு சொல்றது? துப்பாக்கிய விட்டுட்டு வர முடியலையாம்னு சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம், "இருங்க, புள்ளட்ட குடுக்குறேன்" என்றார்.

அவள் மூச்சு வாங்குவது கேட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்திருப்பாள். அவளிடம் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினியர், பச்சைக் கம்பளி, மங்கிய எண், பலூச்சிப் போலீஸ்காரர். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. கார்டில் பணம் கரைந்துகொண்டிருந்தது. பின்னால் ஒருவன் காசால் கண்ணாடியைத் தட்டினான்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு."

"அங்க வேற யாரையாச்சும் கல்யாணம் முடிச்சிருக்கீங்களா? இருந்தாச் சொல்லிருங்க. நான் அழமாட்டேன். வாப்பாக்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்தத் துப்பாக்கிக் கத மட்டும் வேணாம் மச்சான். ஊரே சிரிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்த அர்பாப்மேல், கண்ணாடியைத் தட்டியவன்மேல், முட்டியில் அடித்த பிரம்பின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். மூன்றரை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே முழு உண்மையை இவள் நம்பவில்லை. அப்படியானால் உனக்கு வேண்டியதையே வைத்துக்கொள் என்று தோன்றியது.

"ஆமா. முடிச்சிருக்கேன்" என்றேன்.

அவள் அழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். "இப்பவாச்சும் உண்மையச் சொன்னீங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவள் குரல். போனை வைத்துவிட்டாள்.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்று, இன்னொரு கார்டு வாங்கி, மறுபடி கூப்பிட்டேன். அது பொய், கோபத்தில் சொன்னேன், அல்லாஹ் மேல் ஆணை என்று மாமாவிடம் சொன்னேன். "மாப்ளே, இந்த விஷயத்த ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றார் அவர்.

அர்பாப் சொன்ன நாளில் திரும்பி வந்தார். கையெழுத்துக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. புதுக் காவலாக மேனேஜர் பெயரைப் போட்டார்கள். அவர் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட பிறகே பேனாவைத் தொட்டார். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மவ்லிது ஓதி முடிந்து நெய்ச்சோறும் பரிமாறி ஓய்ந்திருந்தது. என்னைப் பெண் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. என் உம்மா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு ஜமாஅத்துக்குப் போனேன்.

அங்கே அரபியை உண்மையிலேயே கற்ற ஆலிம் ஒருவர் இருந்தார். காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் படித்து, தமிழில் எல்லோருக்கும் சொன்னார். துப்பாக்கி நிஜம், காவல் நிஜம், நாட்டை விட்டுப் போகத் தடை இருந்ததும் நிஜம். எனக்கு உயிர் வந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டே, "துப்பாக்கியும் இருக்கும், பொண்டாட்டியும் இருக்கும். பொண்டாட்டி இருக்குன்னு தம்பிதானே போன்ல சொன்னாரு?" என்றார்.

இல்லை என்பதற்கு எந்த ஆபீஸில் காகிதம் வாங்குவது? நான் கத்தினேன். அழுதேன். அவளை ஒரு தடவை பார்த்துப் பேசவிடுங்கள் என்று கேட்டேன். பெண் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். "அவங்க மொத தடவ சொன்னதே போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்று மாலையே கல்யாண விடுதலை எழுதி முடித்தார்கள். தமிழில் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை உள்ளூரிலேயே கடை வைத்திருப்பவர் என்று கேள்விப்பட்டேன்.

அர்பாப் அந்தத் துப்பாக்கியில் ஒரு தடவைகூடச் சுடவில்லை. நான் மேலும் ஏழு வருஷம் அவரிடமே வேலை பார்த்தேன். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு இடத்தில் உம்மா கேட்டுப் பார்த்தாள், துபாயில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாமே என்று பெண் வீட்டார் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வந்தால் இப்போதும் கடைத்தெருவில் யாராவது, "துபாய் வீட்டுல சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். கிண்டல் இல்லை, அக்கறையாகவே கேட்பார்கள். ஆரம்பத்தில் சண்டைக்குப் போவேன், காகிதம் காட்டுவேன், சத்தியம் செய்வேன். இப்போது சௌக்கியம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறேன்.